முலுண்ட் வரை: பம்பாய்ப் புற்றுநோய்ப் பதிவேட்டின் வரலாறு

மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லை முலுண்டில் முடிகிறது. லால் பகதூர் சாஸ்திரி சாலையில் முலுண்ட் செக் நாக்காவைக் கடந்தால் தாணே தொடங்கிவிடும். எல்லையின் இரு பக்கத்திலும் ஒரே வகைக் குடியிருப்புகள், ஒரே மொழிகள், வேலைக்குச் செல்ல ஒரே மின்சார ரயில். நாக்காவுக்கு இப்பால் ஒரு பெண்ணும் அப்பால் ஒரு பெண்ணும் வசிப்பதாகக் கொள்வோம். இருவருக்கும் மார்பகப் புற்றுநோய். இருவரும் பரேலில் உள்ள ஒரே மருத்துவமனையில் ஒரே வாரத்தில் சிகிச்சைக்குச் சேர்கிறார்கள். மும்பை நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டில் முலுண்ட் பெண் இடம்பெறுவார்; தாணேப் பெண் இடம்பெறமாட்டார்.

முதற்பார்வைக்கு இது அலுவலக விறைப்பாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கோடு இல்லையென்றால் பதிவேடே இல்லை. ஒரு நகரத்தில் புற்றுநோய் எவ்வளவு என்ற கேள்விக்கான விடை ஒரு பின்னம். மேலே நோயுற்றோர் எண்ணிக்கை. கீழே அந்நகரத்து மக்கள்தொகை. மேலே எண்ணப்படுபவர் ஒவ்வொருவரும் கீழே எண்ணப்பட்ட மக்களுள் ஒருவராக இருக்க வேண்டும். கீழே உள்ளவர்களில் எவருக்கு நோய் கண்டாலும் அவர் எந்த மருத்துவமனைக்குச் சென்றிருந்தாலும் மேலே வந்துவிட வேண்டும். சொல்வதற்கு எளிய இந்த விதியை நிறைவேற்ற, ஒரு நகரத்தின் அத்தனை மருத்துவமனைகளும் நோய்க்குறியியல் ஆய்வகங்களும் இறப்புப் பதிவு அலுவலகங்களும் தம் ஏடுகளை வெளியாள் ஒருவருக்குத் திறந்து காட்ட வேண்டும். இந்தியாவில் அது முதன்முதலில் நடந்த இடம் பம்பாய், ஆண்டு 1963. அது எப்படி நடந்தது, அதிலிருந்து எத்தகைய கூட்டுமுயற்சிகள் கிளைத்தன, யார் இன்னும் கணக்கின் விளிம்பில் நிற்கிறார்கள் என்பதே இங்குப் பேசப்படுவது.

பதிவேட்டுக்கு முந்திய காலத்தில் புற்றுநோயைப் பற்றி எழுதியவர்கள் தம்மிடம் வந்த நோயாளிகளை மட்டுமே எண்ணினார்கள். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையின் மருத்துவர் பென்டால், 1908இல் 1,700 புற்றுநோயாளிகள் பற்றிய தொகுப்பொன்றைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். கால் நூற்றாண்டுக்குப் பின், 1933இல், அதே நெய்யூரிலிருந்து இன்னொரு மருத்துவர் வெற்றிலை பாக்கு மெல்வோரிடம் காணும் வாய்ப் புற்றுநோய் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். தாம்பூலத்துடன் சேரும் புகையிலைக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவைப் பற்றிய உலகளாவிய உரையாடலில் நாஞ்சில் நாட்டு நோயாளிகளுக்கு இவ்வாறு ஓர் இடம் கிடைத்தது.

எனினும் அந்த 1,700 பேர் எத்தனை பேரிலிருந்து வந்த 1,700 பேர் என்று சொல்ல வழியில்லை. புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்குத் தொலைவிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். அருகிலேயே இருப்பவர் வண்டிச் செலவுக்கு வழியின்றி வீட்டிலேயே இறப்பார். வாயில் தோன்றும் கட்டி கண்ணுக்குத் தெரிவதால் ஏட்டில் ஏறும். வயிற்றுக்குள் வளரும் கட்டி ‘வயிற்று வலி’ என்ற பெயரில் மறைந்துபோகும். மருத்துவமனையின் ஏடு, அம்மருத்துவமனையின் வாசலைப் பற்றிய செய்தியே தவிர ஊரைப் பற்றிய செய்தியாகாது.

இந்தக் குறையால் விளைந்த பெரிய பிழை ஒன்று உண்டு. புற்றுநோய் மேலைநாட்டு நோய், இந்தியாவில் அது அரிது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடையேயும் நெடுநாள் நிலவியது. 1930களில் நாத், கிரேவால் ஆகிய இரு ஆய்வாளர்கள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பதிவுகளைத் திரட்டி இந்த நம்பிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தினர். நடுவயதைக் கடந்த இந்தியரிடம் புற்றுநோய் குறைவில்லை. அந்த வயதை எட்டுவோரே குறைவாக இருப்பதால் நோய் குறைவாகத் தோன்றுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதை உறுதிப்படுத்த வேண்டுமானால் வயது வாரியாக மக்களையும் நோயாளிகளையும் ஒருசேர எண்ண வேண்டும். அதற்கான அமைப்பு அன்று இந்தியாவில் எங்கும் இல்லை.

பம்பாயில் அதற்கான தளம் மெல்ல உருவாயிற்று. 1941 பிப்ரவரி 28 அன்று பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் நோய்க்குறியியல் துறையை வளர்த்த வி.ஆர்.கானோல்கர், நோயைத் திசுவில் மட்டுமன்றி மக்களின் பழக்கவழக்கங்களிலும் தேடியவர். அவரும் எல்.டி.சாங்வி, கே.சி.எம்.ராவ் ஆகியோரும் 1955இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, புகையிலை மெல்வதையும் புகைப்பதையும் வாய், தொண்டைப் புற்றுநோய்களோடு ஒப்பிட்டது. மெல்வோருக்கு வாய்க்குழியிலும் புகைப்போருக்குத் தொண்டைப் பகுதியிலும் நோய் மிகுதியாகத் தோன்றும் வேறுபாட்டை அது காட்டியது. ஒரு மருத்துவமனையின் எல்லைக்குள் நின்று செய்யக்கூடியவற்றுள் மிகச் சிறந்த ஆய்வுகளில் அது ஒன்று. நகரத்தில் இந்நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

இதற்கிடையே வெளிநாடுகளில் வழி பிறந்திருந்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1941இலும் டென்மார்க் 1942இலும் தத்தம் மக்கள் அனைவரையும் தழுவிய பதிவேடுகளைத் தொடங்கின. அவை சிறிய, நன்கு ஆளப்பட்ட நிலப்பரப்புகள். பிறப்பும் இறப்பும் ஒழுங்காகப் பதிவாகும் சமூகங்கள். இதே முறையை நாள்தோறும் புதியவர்கள் வந்து குடியேறும் ஓர் ஆசியத் துறைமுக நகரத்தில் செய்ய முடியுமா என்பது நியாயமான ஐயமே.

அந்த முயற்சியை முன்னெடுத்தவர் அறுவை மருத்துவர் டி.ஜே.ஜுசாவாலா. அவரும் நேவல் டாட்டாவும் 1951இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தைத் தோற்றுவித்திருந்தனர். அச்சங்கத்தின் ஓர் அங்கமாக 1963 ஜூன் மாதத்தில் பம்பாய்ப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேடு இதுவே. அதை நடத்தியது தன்னார்வச் சங்கம் ஒன்று என்பது கவனிக்கத்தக்கது. நோயாளிகளுக்காகவும் புகழுக்காகவும் ஒன்றோடொன்று போட்டியிடும் மருத்துவமனைகள், தங்களுள் ஒன்றிடம் தம் ஏடுகளை ஒப்படைக்கத் தயங்கும். சிகிச்சைக் களத்தில் போட்டியாளராக நிற்காத ஒரு சங்கத்திடம் அத்தயக்கம் குறைவு எனக் கருத இடமுண்டு.

பதிவேட்டின் அன்றாட வேலை எவ்விதக் கவர்ச்சியும் அற்றது. மேலைநாடுகள் பலவற்றில் மருத்துவமனைகளே நோயாளி விவரங்களை அனுப்பிவைக்கும். இந்தியாவில் பதிவேட்டின் பணியாளர்கள் தாமே தேடிச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனை, மாநகராட்சி மருத்துவமனை, அறக்கட்டளை மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, நோய்க்குறியியல் ஆய்வகம் என ஒவ்வொன்றுக்கும் முறைவைத்துச் சென்று, உள்நோயாளி ஏடு, கதிர்வீச்சுப் பிரிவின் ஏடு, திசு ஆய்வு முடிவுகள் ஆகியவற்றைப் புரட்டிப் பெயர், வயது, முகவரி, நோயின் இடம், திசுவகை ஆகியவற்றைப் படியெடுக்க வேண்டும். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளில் ‘புற்றுநோய்’ என்று காரணம் எழுதப்பட்ட பெயர்களை எடுத்து, அவர்கள் முன்பே ஏட்டில் உள்ளார்களா என்று பார்க்க வேண்டும். இறந்த பிறகே ஏட்டில் ஏறும் பெயர்கள் மிகுந்தால், உயிரோடு இருந்தபோது பதிவேடு அவர்களைத் தவறவிட்டது என்று பொருள். பதிவேடு தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் அளவுகோல்களில் இதுவும் ஒன்று.

அடுத்து வருவது இரட்டைப் பதிவை நீக்கும் வேலை. ஒரே நோயாளி மூன்று மருத்துவமனைகளுக்குச் சென்றிருப்பார். ஏட்டில் அவர் ஒருவராகவே இருக்க வேண்டும். பல மொழியினர் வாழும் நகரத்தில் இது எளிதன்று. மாட்டுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ முலுண்டிலோ வசிக்கும் லட்சுமி என்ற தமிழ்ப் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் அவர் தந்தையின் முதலெழுத்தோடு பதிவாவார். மற்றோரிடத்தில் மராத்திய வழக்கப்படி கணவர் பெயரும் அதன்பின் குடும்பப் பெயரும் கேட்கப்படும். குடும்பப் பெயர் என ஒன்று இல்லாதவர் எதையோ சொல்லிவைப்பார். ஆங்கில எழுத்தில் லட்சுமிக்கு நான்கைந்து வடிவங்கள் உண்டு. வயது, தோராயமாகச் சொல்லப்பட்டது. முகவரி, சாளின் பெயரும் அறை எண்ணும் மட்டும். இவற்றைக் கொண்டு இருவரா ஒருவரா என்று தீர்மானிப்பவர் பதிவேட்டின் எழுத்தர். ஆய்வுக் கட்டுரைகளில் பெயர் வராத அந்த எழுத்தர்களின் தீர்மானங்கள் மீதே பின்னர் எழுந்த புள்ளியியல் முழுதும் நிற்கிறது.

பின்னத்தின் கீழ்ப்பகுதியைத் தந்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1961இல் பெரும்பம்பாயின் மக்கள்தொகை சுமார் 41.5 லட்சம். அந்த ‘பெரும்பம்பாய்’ என்பதே அப்போது புதியது. 1950இல் மாநகராட்சியின் எல்லை மத்திய ரயில்வேத் தடத்தில் பாண்டுப் வரை நீட்டப்பட்டது. 1957 பிப்ரவரியில் அது முலுண்ட் வரையிலும், மேற்குத் தடத்தில் தகிசர் வரையிலும் சென்றது. முலுண்ட் நகரத்துக்குள் வந்த ஆறாண்டுகளில் பதிவேடு தொடங்கியது. வரியும் குடிநீரும் சாலையும் கருதி வரையப்பட்ட நிர்வாகக் கோடு, நோயியலின் கோடாகவும் ஆகிவிட்டது. அதோடு இன்னொரு விதியும் உண்டு. எல்லைக்குள் குறைந்தது ஓராண்டு வசித்தவரே நகரவாசியாகக் கொள்ளப்படுவார். சிகிச்சைக்காகவே வந்து உறவினர் வீட்டில் தங்குபவர் கணக்கில் வரமாட்டார். இந்திய நகரப் பதிவேடுகள் பொதுவாகக் கைக்கொள்ளும் விதி இது.

இவ்வாறு கிடைத்த எண்கள் சில ஆண்டுகளிலேயே பயன் தந்தன. ஜுசாவாலா, வி.ஏ.தேஷ்பாண்டே ஆகியோரும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் புள்ளியியலாளர் வில்லியம் ஹேன்செல் முதலியோரும் இணைந்து 1970இல் வெளியிட்ட கட்டுரை, பம்பாயின் பார்சிகளையும் நகரத்தின் மொத்த மக்களையும் ஒப்பிட்டது. பார்சிப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் மிகுதி, கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைவு. புகையிலையோடு தொடர்புடைய வாய், தொண்டைப் புற்றுநோய்களும் அச்சமூகத்தில் குறைவு. ஒரே காற்றையும் ஒரே நீரையும் பகிரும் ஒரு நகரத்துக்குள், திருமண வயதும் பிள்ளைப்பேறும் புகையிலைப் பழக்கமும் வேறுபட்டால் நோயின் வரைபடமும் வேறுபடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஒரு மருத்துவமனை ஏட்டால் இதைச் சொல்லியிருக்க முடியாது. பார்சிகள் மருத்துவமனையை மிகுதியாக நாடுவோர் என்ற ஓர் ஆட்சேபமே அதை வீழ்த்தியிருக்கும்.

அதே காலத்தில் உலக அளவில் பதிவேடுகளின் கூட்டமைப்பு உருவாகி வந்தது. 1965இல் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை தோன்றிப் பிரான்சின் லியோன் நகரில் அமைந்தது. 1966இல் பதிவேடுகளின் பன்னாட்டுச் சங்கமும் பிறந்தது. ‘ஐந்து கண்டங்களில் புற்றுநோய் நிகழ்வு’ என்ற தொகுப்பு வரிசையின் முதல் தொகுதி 1966இல் வந்தது. 1970இல் வந்த இரண்டாம் தொகுதியில் பம்பாயும் இடம்பெற்றது. நாடுகளின் வயதமைப்பு வெவ்வேறாக இருப்பதால் எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. ஜப்பானியரான மிட்சுவோ செகி வகுத்த ‘உலக மக்கள்தொகை’ என்னும் கற்பனை வயதமைப்பைக் கொண்டு எல்லா விகிதங்களும் சீர்செய்யப்பட்டன. இளைஞர் நிறைந்த பம்பாயையும் முதியோர் நிறைந்த ஐரோப்பிய நகரங்களையும் ஒரே அட்டவணையில் வைக்க இயன்றது இதனால்தான். 1930களில் எழுப்பப்பட்ட வயது பற்றிய வாதத்துக்கு அளவிட்ட விடை கிடைக்கும் வழி இப்போது திறந்தது.

ஏடுகளின் வழியே மக்களை அடைவது ஒரு முறை. வீடு வீடாகச் செல்வது மற்றொன்று. இரண்டாம் முறையிலும் பம்பாய் முன்நின்றது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல்மருத்துவ ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஃபாலி மேத்தா, பிரகாஷ் குப்தா முதலியோர், கோபன்ஹேகனைச் சேர்ந்த ஜே.ஜே.பிண்ட்போர்க்குடன் இணைந்து 1960களின் பிற்பாதியில் எர்ணாகுளம், ஸ்ரீகாகுளம், பாவ்நகர், தர்பங்கா, சிங்பூம் ஆகிய ஐந்து மாவட்டங்களில் 50,915 கிராமத்தினரின் வாயைச் சோதித்தனர். வெற்றிலையோடு புகையிலை, சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைத்தல் என வட்டாரந்தோறும் மாறும் பழக்கங்களும் அவற்றால் தோன்றும் வெண்படலங்களும் முதன்முறையாக மக்கள் அளவில் ஒப்பிடப்பட்டன. பல் மருத்துவரும் புள்ளியியலாளரும் ஊர்ப் பெரியவரும் இல்லாமல் இந்த ஆய்வு நடந்திருக்காது.

நகரம் ஒன்றின் முயற்சி நாட்டின் முயற்சியாக மாறியது 1981இன் இறுதியில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஏற்கெனவே இருந்த பம்பாயோடு பெங்களூரும் சென்னையும் மக்கள்தொகை சார்ந்த பதிவேடுகளாகச் சேர்ந்தன. சண்டிகர், திப்ரூகர், திருவனந்தபுரம் ஆகிய இடங்களில் மருத்துவமனை சார்ந்த பதிவேடுகள் அமைந்தன. 1982 ஜனவரி 1 முதல் தரவுகள் திரட்டப்பட்டன. சென்னையில் பொறுப்பேற்றது, முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிறுவனம். ஒரே படிவம், ஒரே குறியீட்டு முறை, ஒரே வரையறை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதே இத்திட்டத்தின் சாதனை. தனித்தனியே திறமையுள்ள நிறுவனங்கள் தம் பழக்கத்தைச் சற்று விட்டுக்கொடுத்தால்தான் ஒப்பிடத்தக்க எண் பிறக்கும். 1984 நச்சுவாயுக் கொடுமைக்குப் பின் போபாலிலும் பதிவேடு அமைந்தபோது, நீண்டகால விளைவைக் கண்காணிக்கும் கருவியாகவும் இது பார்க்கப்பட்டது.

நகரங்கள் மட்டும் இந்தியா ஆகிவிடா. 1987இல் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்துப் பார்ஷியில் நாட்டின் முதல் கிராமப்புறப் பதிவேடு தொடங்கியது. அங்கு நகர முறை பயன்படவில்லை. ஏடே இல்லாத இடத்தில் எதைப் புரட்டுவது? பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று, அறிகுறிகளை விளக்கி, ஐயமுள்ளவர்களை மருத்துவமனைக்கு வரச் செய்து, பிறகு பதிந்தார்கள். பதிவேடே நோயறியும் வாயிலாக மாறியது. தமிழ்நாட்டில் ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் கிறிஸ்தவ சமூக நல மையம் ஒன்று இதே வகையில் திண்டுக்கல் மாவட்டத்தில் பதிவேட்டை வளர்த்தது.

பதிவேடு வேரூன்றிய இடங்களில்தான் அடுத்த தலைமுறைப் பெரும் ஆய்வுகள் எழுந்தன என்பது தற்செயல் அன்று. பார்ஷிக் குழு அருகிலுள்ள உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1.3 லட்சம் பெண்களைக் கொண்டு கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைகளை ஒப்பிட்டது. ஒரே ஒரு முறை செய்யும் எச்பிவி சோதனை இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதை 2009இல் வெளியான முடிவு காட்டியது. திண்டுக்கல்லில் அசெட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை இறப்பை 35 விழுக்காடு குறைத்ததாக 2007இல் ‘லான்செட்’ வெளியிட்டது. இரண்டிலும் லியோன் முகமையின் ஆர்.சங்கரநாராயணன் முதன்மைப் பங்காற்றினார்.

மும்பையிலும் இவ்வாறே. 1991 முதல் நகரத்தின் 35 வயதைக் கடந்தோர் சுமார் 1.48 லட்சம் பேரை வாக்காளர் பட்டியலின் துணையால் சந்தித்து ஒரு நெடுங்கால ஆய்வு தொடங்கப்பட்டது. சிகரெட்டைவிடப் பீடி குறைந்த தீங்குடையது என்ற பொதுநம்பிக்கையை அதன் முடிவுகள் தகர்த்தன; பீடி புகைப்போரின் இறப்பு விகிதமே மேலும் உயர்ந்திருந்தது. மெல்லும் புகையிலை பயன்படுத்திய பெண்களிடமும் இறப்பு மிகுதி. இந்த ஆய்வில் ஒரு முரண் உண்டு. காவலர் நிற்கும் வசதியான அடுக்ககங்களுக்குள் ஆய்வாளர்கள் எளிதில் நுழைய முடியாததால் அவை சேர்க்கப்படவில்லை. அறிவியலுக்குக் கதவைத் திறந்தவை எளியோரின் வீடுகள்.

அந்த முரண் மேலும் கூர்மையாகத் தெரிந்தது 1998இல் டாட்டா நினைவு மையம் தொடங்கிய ஆய்வில். மும்பையின் குடிசைப் பகுதிகள் 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. 35 முதல் 64 வயது வரையிலான பெண்களுள் 75,360 பேர் பரிசோதனைக் குழுவிலும் 76,178 பேர் ஒப்பீட்டுக் குழுவிலும் அமைந்தனர். பத்தாம் வகுப்பு படித்த பெண்கள் பயிற்சி பெற்று, இரண்டாண்டுக்கு ஒருமுறை அசெட்டிக் அமிலச் சோதனையையும் மார்பகச் சோதனையையும் செய்தார்கள். சுரேந்திர சாஸ்திரி தலைமையிலான குழு வெளியிட்ட முடிவின்படி கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. மார்பகச் சோதனையின் நீண்டகால முடிவு 2021இல் வந்தது. 50 வயதைக் கடந்தோரிடம் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. மருத்துவரே இல்லாமல், விலையுயர்ந்த கருவியும் இல்லாமல் உயிர் காக்கலாம் என்பதற்கு உலகுக்குக் கிடைத்த சான்று இது.

ஒப்பீட்டுக் குழுவின் பெண்களுக்குக் கிடைத்ததோ தொடக்கத்தில் நோய் பற்றிய விளக்கமும் வழக்கமான சிகிச்சையும்தான். பயன் முன்பே அறியப்பட்ட ஒரு பரிசோதனை வகையை ஒரு சாராருக்கு அளிக்காமல் இறப்புகளை எண்ணலாமா என்று மருத்துவ அறவியலார் கேட்டனர். நாட்டில் அன்று எந்தப் பரிசோதனைத் திட்டமும் நடைமுறையில் இல்லை. இந்த எளிய முறை பலன் தருமா என்பதே தெரியாதிருந்தது என்பது ஆய்வாளர்களின் விடை. இரு தரப்பு வாதங்களிலும் வலு உண்டு. ஆனால் விவாதம் ஓர் உண்மையை மறைக்க முடியாமல் வெளிக்கொணர்ந்தது. இத்தகைய கூட்டமைப்புகளில் பங்காளிகள் என நிறுவனங்களே பட்டியலிடப்படுகின்றன. தம் உடலையும் முகவரியையும் தந்த பெண்கள் பட்டியலில் இல்லை. நிறுவனங்களிடையே கையெழுத்தான உடன்படிக்கைகளுக்கு இணையாக அவர்களோடும் ஓர் உடன்படிக்கை தேவை என்ற உணர்வு இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

மும்பைத் தமிழரின் வாழ்க்கை பதிவேட்டின் மற்றொரு விளிம்பைக் காட்டுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தோரின் வழித்தோன்றல்களும், மாட்டுங்காவிலிருந்து செம்பூர், முலுண்ட் எனப் பரவிய அலுவலகக் குடும்பங்களும் இரண்டு ஊர்களில் வேர் கொண்டவர்கள். நோய் முற்றியதும் ஊருக்குத் திரும்புவது புலம்பெயர்ந்தோர் பலரின் வழக்கம். அப்படித் திரும்புபவரின் நோய் மும்பையில் பதிவாகியிருக்கும். இறப்பு வேறொரு மாநிலத்தின் ஊராட்சி ஏட்டில் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அறியாவிட்டால், மும்பை ஏட்டில் அவர் தொடர்பு அறுந்தவர். தொடர்பு அறுந்தவரை உயிரோடிருப்பதாகக் கொண்டால் பிழைப்பு விகிதம் பொய்யாக உயரும். இதனால்தான் இந்தியப் பதிவேடுகள் கடிதம் எழுதியும் வீடு தேடிச் சென்றும் நோயாளிகளைத் தொடர்கின்றன. தொடர்பு அறுந்தோரின் நிலையைக் கருத்திற்கொண்டு பிழைப்பு விகிதத்தைச் சீர்செய்யும் முறையைச் சென்னை ஆய்வாளர் ஆர்.சுவாமிநாதன் உள்ளிட்டோர் கையாண்டனர். கணக்கு உதவும், ஆனால் இரு மாநில ஏடுகளுக்கு இடையிலான பாலத்துக்கு அது ஈடாகாது.

பாலங்கள் மெல்ல எழுகின்றன. சென்னையின் அனுபவத்தின் மேல் 2012இல் தமிழ்நாடு முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டில் டாட்டா நினைவு மையத்தை மையமாகக் கொண்டு தேசியப் புற்றுநோய்ச் சிகிச்சை நிறுவனங்களின் கூட்டமைப்பு உருவானது. 2020இல் வெளியான தேசிய அறிக்கை 28 மக்கள்தொகை சார்ந்த பதிவேடுகளையும் 58 மருத்துவமனைப் பதிவேடுகளையும் கொண்டு எழுதப்பட்டது. எனினும் நாட்டு மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே இத்தகைய பதிவேடுகளின் எல்லைக்குள் வாழ்கின்றனர். புற்றுநோயைக் கட்டாயமாக அறிவிக்கச் செய்யும் சட்டத்தைச் சில மாநிலங்கள் மட்டும் கொண்டுவந்துள்ளன. நாடு முழுவதும் அவ்வாறு செய்ய வேண்டுமென நாடாளுமன்ற நிலைக்குழு 2022இல் பரிந்துரைத்தது.

சட்டம் வந்தால் ஏடுகள் நிரம்பும். ஆயினும் 1963 முதல் பம்பாய் கற்பித்த பாடம் சட்டத்தைச் சார்ந்ததன்று. மருத்துவமனை எழுத்தர், ஆய்வகப் பணியாளர், இறப்புப் பதிவாளர், வீட்டுக் கதவைத் திறந்த பெண் எனப் பலர், தமக்கு நேரடிப் பயன் ஏதுமில்லாத ஒரு கணக்குக்குத் தம் பங்கைத் தந்ததால்தான் அந்த எண்கள் கிடைத்தன. அவர்களுடைய நம்பிக்கை குறைந்தால் சட்டத்தின் பேரில் வரும் படிவங்களில் பாதி வெற்றிடமாகவே வரும்.

1961இல் சுமார் 41.5 லட்சமாக இருந்த நகரம் 2011இல் 1.24 கோடியை எட்டியது. முலுண்டைத் தாண்டித் தாணே, கல்யாண் என நகர வாழ்வு நீண்டுவிட்டது. மாநகராட்சி எல்லை முலுண்டைத் தாண்டவில்லை. 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது மும்பையின் ஆக்ட்ராய் ஒழிந்தது; முலுண்ட் நாக்காவில் லாரிகள் நுழைவு வரிக்காக நின்ற காலம் முடிந்தது. பதிவேட்டுக்கு மட்டும் அந்தக் கோடு இன்னும் தேவை. கோட்டை அழிப்பது தீர்வாகாது. அதன் மறுபக்கத்திலும் அதே கவனத்தோடு எண்ணும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும்; இரண்டும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். அப்போது பரேலில் ஒரே வாரத்தில் சேர்ந்த அந்த இரு பெண்களும், வெவ்வேறு ஏடுகளிலானாலும், எண்ணப்பட்டவர்களாக இருப்பார்கள்.